தறியோடு வந்த பேச்சு

குன்றத்தூரில் சேக்கிழார் கட்டிய நாகேஸ்வரர் கோவிலுக்கு மூலம் கும்பகோணத்தை ஒட்டிய திருநாகேஸ்வரம். அந்த ஊர்ச் சிவன் மீது கொண்ட பற்றால், தாம் பிறந்த மண்ணிலும் அதே பெயரில் ஒரு கோவிலை எழுப்பினார் என்பது ஊர் வரலாறு. அவருடைய பெரியபுராணத்தில் அறுபத்துமூவரில் ஒருவராக வரும் நேச நாயனார் ஒரு நெசவாளர். சாலியர் குலம், ஊர் காம்பீலி. இன்றைய கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில் உள்ள கம்ப்ளிதான் அது என்பார்கள். வாயில் ஐந்தெழுத்து, கையில் தறி. நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்களுக்குக் கொடுப்பதே அவர் செய்த தொண்டு. அந்த நெசவாளர் வீட்டில் என்ன மொழி பேசினார் என்று சேக்கிழார் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

சேக்கிழாருக்கு இரு நூற்றாண்டுகள் கழித்து, 1336 வாக்கில், கம்ப்ளிக்குப் பக்கத்திலேயே விஜயநகரம் எழுந்தது. அந்தப் பேரரசின் வழியாகத் தெற்கே இறங்கி வந்து, மதுரையிலும் கும்பகோணத்திலும் சேலத்திலும் பரமக்குடியிலும் தறி போட்ட ஒரு கூட்டத்தின் வீட்டுமொழி என்ன என்று நமக்குத் திட்டவட்டமாகத் தெரியும். அதன் பெயர் சௌராஷ்டிரம். குஜராத்திக்கு உறவான, மராத்தியின் சாயல் படிந்த, தெலுங்கும் கன்னடமும் தமிழும் அடுக்கடுக்காக ஏறிய மொழி. பேசுவோரைத் தமிழர்கள் பட்டுநூல்காரர் என்று அழைத்தார்கள். கிரியர்சன் தமது இந்திய மொழிக் கணக்கெடுப்பில் இந்த மொழியைப் 'பட்டணுலி' என்றே குறித்தார். மொழிக்கே தொழிலின் பெயர் ஏறிவிட்டது.

இன்று தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் வட்டாரத்தின் அடுக்ககங்களில் மதுரைக்காரர்களும் கும்பகோணத்துக்காரர்களும் நிறையக் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் இந்த மொழியைப் பேசும் குடும்பங்களும் உண்டு. தறி போய்விட்டது. பேச்சு எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதன் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கதை வழக்கமாக ஒரு கல்லில் தொடங்கும். மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கிடைத்த அந்தக் கல்வெட்டை வத்சபட்டி என்ற கவி சமஸ்கிருதத்தில் பாடியிருக்கிறார். லாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய தென் குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று தசபுரத்துக்கு (மந்தசோரின் பழைய பெயர்) குடிபெயர்ந்தது, முதலாம் குமாரகுப்தன் காலத்தில் சூரியனுக்கு ஒரு கோவில் கட்டியது, பிறகு கி.பி. 473 வாக்கில் அதைப் பழுது பார்த்தது. வந்தவர்களில் சிலர் வில் வித்தைக்குப் போனார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் கதை சொல்வதில் இறங்கினார்கள், மற்றவர்கள் தறியிலேயே இருந்தார்கள் என்று அந்தக் கல்வெட்டு விவரிக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தொழில் சங்கத்தைப் பற்றி இவ்வளவு நெருக்கமான செய்தி அபூர்வம். மந்தசோர் நெசவாளர்களே மதுரை நெசவாளர்களின் முன்னோர் என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது. 1940களில் இவர்களைப் பற்றி எழுதிய எச்.என். ராண்டில் இந்தத் தொடர்பை விரிவாக ஆராய்ந்தார். சமூகத்தாரும் அந்தக் கல்வெட்டைத் தங்கள் முதல் ஏடாகவே கருதுகிறார்கள்.

கல்வெட்டைவிடப் பெரிய சான்று திருமணப் பந்தலில் இருந்தது. பழைய சௌராஷ்டிரத் திருமணங்களில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் பெண் வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே அமர்ந்து கேள்வி பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்லுவார்கள். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எதற்காக ஊரைவிட்டுக் கிளம்பினீர்கள், வழியில் எங்கே தங்கினீர்கள் என்று ஒரு பக்கம் கேட்கும். சௌராஷ்டிர தேசம், தேவகிரி, விஜயநகரம், பிறகு மதுரை என்று மறுபக்கம் விடை சொல்லும். இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேசுவதற்கு முன் இருவரும் ஒரே பாதையில் வந்தவர்கள்தான் என்று உறுதிசெய்துகொள்ளும் முறை அது. ஏட்டில் எழுதிவைக்காத இடப்பெயர்ச்சி வரலாற்றை ஒரு மொழி இப்படி வாய்வழியாகக் காப்பாற்றியிருக்கிறது. புதிதாகக் கல்யாணம் செய்யும் ஒவ்வொரு தலைமுறையும் அதைக் காதால் கேட்டது. இந்த மொழி தன் சமூகத்துக்குச் செய்த முதல் பெரிய வேலை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இடப்பெயர்ச்சிக்குப் பேச்சே சாட்சியாக நிற்பது உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவின் தெற்கில், இஹோசி நகரைச் சுற்றி, திமில் மாடு மேய்க்கும் பாரா மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது மலகாசி மொழியின் ஒரு வட்டார வழக்கு. அந்த மலகாசியின் உறவுமொழி இந்தியப் பெருங்கடலைக் கடந்து போர்னியோவின் பரித்தோ ஆற்றங்கரையில் இருக்கிறது என்று நார்வே அறிஞர் ஓட்டோ தால் 1951இல் நிறுவினார். முன்னோர் கடல் கடந்து வந்த கதைக்கு அந்தப் பேச்சே முதல் சாட்சி. பாரா பிள்ளைகளுக்குப் பள்ளியில் வேறு வழக்கின் அடிப்படையில் அமைந்த பொது மலகாசியும் பிரெஞ்சும்தான். மதுரைச் சௌராஷ்டிரப் பிள்ளைக்குப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் என்பது போல.

மதுரைக்குச் சௌராஷ்டிரர்கள் வந்தது நாயக்கர் காலத்தில். அரண்மனைக்கும் கோவிலுக்கும் பட்டு நெய்யத் தேர்ந்த கைகள் தேவைப்பட்டன. திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றிய தெருக்களில் இவர்கள் இன்றும் செறிந்து வாழ்வதை அதன் தொடர்ச்சியாகப் பார்க்கலாம். ஊர் உடனே இடம் கொடுத்துவிடவில்லை. ராணி மங்கம்மாள் காலத்தில், ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றும் சடங்கைச் செய்ததற்காக இவர்களில் 18 பேர் கைது செய்யப்பட்டார்கள். அறிஞர்களைக் கலந்து ஆலோசித்த பிறகு, அந்தச் சடங்கைச் செய்ய இவர்களுக்கு உரிமை உண்டு என்று ராணியின் ஆணை வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த இந்த வழக்கை எட்கர் தர்ஸ்டன் தமது 1909ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இனி, தறிவீட்டுக்குள் போகலாம். குழித்தறி என்பது ஒரு குடும்பமே சேர்ந்து இயங்கும் தொழில். ஆண் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து நாடாவை ஓட்டுவார். மனைவியோ அம்மாவோ இராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பார். அறுந்த இழையைப் பிணைக்கச் சிறு பிள்ளைகளின் விரல்களுக்கும் வேலை இருக்கும். விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டும்போது அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாரும் கை கொடுக்க வருவார்கள். நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ், ஒரே தெருவில், பேசிக்கொண்டே செய்யும் வேலை. அந்தப் பேச்சு முழுக்கச் சௌராஷ்டிரத்தில் நடந்தது. நூல் கொடுக்கும் வியாபாரியிடமும் சேலை வாங்க வருபவரிடமும் தமிழ். கடைக்குள் ஆள் நிற்கும்போதே விலையைத் தங்களுக்குள் பேசி முடிக்க மறுபடி சௌராஷ்டிரம். பள்ளிக்கூடம் எதுவும் இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அரசு எதுவும் ஆணை போட்டுக் காக்கவில்லை. தறி வீட்டுக்குள் இருந்தது, அதனால் மொழியும் வீட்டுக்குள் இருந்தது.

சுங்குடிச் சேலையும் இந்த வீடுகளிலிருந்து வந்ததுதான். பெண்கள் பருத்தித் துணியை விரல் நுனியால் சிட்டிகையாகக் கிள்ளி, அந்த முனையில் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கி, காயவைத்து, பிரித்து இழுத்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். குஜராத்தில் பாந்தனி என்று போற்றப்படும் அதே கைவேலையின் மதுரைக் கிளை இது. மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கடையில் சுங்குடி என்று தொங்குபவற்றில் பெரும்பாலானவை அச்சுப் பதித்தவை. கையால் முடிச்சுப் போடும் பெண்கள் மிகக் குறைந்துவிட்டார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும்.

தறிக்கு அடுத்தபடியாக இந்த மொழியைக் காத்தது பஜனை. மதுரையில் 1843இல் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் திருமாலைக் காதலனாகவும் தம்மை நாயகியாகவும் பாவித்து, பெண்ணுடையில் தெருத்தெருவாகப் பாடி ஆடியவர். தமிழிலும் பாடினார், சௌராஷ்டிரத்திலும் பாடினார். 1914இல் அவர் மறைந்த பிறகு, அழகர்கோவில் செல்லும் வழியில் காதக்கிணற்றில் சமாதி அமைந்தது. வைகுண்ட ஏகாதசியன்று அங்கே இன்றும் கூட்டம் கூடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட அவருடைய கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடுவார். அதே 19ஆம் நூற்றாண்டில் வேங்கடசூரி சுவாமிகள் ராமாயணத்தையே சௌராஷ்டிரத்தில் இசைப்பாடலாக்கினார்.

கர்நாடக இசைக்கு இந்தச் சமூகம் செய்ததும் சின்ன விஷயமில்லை. தியாகராஜரின் நேர்ச் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். அவரும் அவர் குடும்பத்தாரும் எழுதிவைத்த சுவடிகள் தியாகராஜர் கீர்த்தனைகளுக்கு முக்கியமான மூலங்களில் ஒன்று. 'வாலாஜாபேட்டைச் சுவடிகள்' என்று இசை ஆய்வாளர்கள் குறிப்பிடும் அந்தத் தொகுப்பு மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டது. பாகவதர் வீட்டில் சௌராஷ்டிரம், குருவிடம் தெலுங்கு, சாஸ்திரத்துக்குச் சமஸ்கிருதம், கடைத்தெருவில் தமிழ். ஒரு மனிதருக்குள் நான்கு மொழியும் சண்டையில்லாமல் வாழ்ந்தன.

தமிழுக்கு வந்த லாபத்தையும் சொல்லாமல் விட முடியாது. டி.எம். சௌந்தரராஜன் பெயரின் முதலெழுத்தான 'டி' என்பது தொகுளுவா என்ற சௌராஷ்டிர வீட்டுப்பெயர். திரைப்பாட்டில் லகர ளகர ழகரங்களை இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குக் காதுவழி கற்பித்தவரின் தாய்மொழி சௌராஷ்டிரம். மணிக்கொடி மரபில் வந்த எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துக்காரர், பட்டுச் சரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். 'வேள்வித் தீ' நாவலில் தம் சமூகத்தின் தறிவீடுகளை, கடனையும் பசியையும் சேர்த்து, தமிழில் நிலைநிறுத்தினார். 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பேசும் மொழி ஒன்று, எழுதும் மொழி ஒன்று என்று வாழ்ந்தவர்கள், எழுதும் மொழிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

எழுத்து விஷயத்தில்தான் சிக்கல். 1852இல் பிறந்த தொ.மு. ராமராய் சௌராஷ்டிரத்துக்கென இருந்த எழுத்தைச் சீர்திருத்தி, அச்சுக்குக் கொண்டுவந்து, பாலபாடங்கள் வெளியிட்டார். மொழிக்கு நியாயமாகத் தேவைப்பட்ட எழுத்து அது. இந்த மொழியில் ந, ம, ர, ல போன்ற ஒலிகளை மூச்சு விட்டு அழுத்திச் சொல்லும் வழக்கம் உண்டு. இந்திய எழுத்துகள் பலவற்றில் அதற்குத் தனிக் குறி கிடையாது. சௌராஷ்டிர எழுத்தில் 'ஹாரு' என்ற ஒரு குறி அதற்கென்றே இருக்கிறது. ஆனால் சமூகத்தின் ஒரு சாரார் தேவநாகரிதான் வேண்டும் என்றார்கள். வட இந்தியாவோடு தொடர்பு கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு சாரார், பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் எழுத்தே போதும் என்றார்கள். தமிழ் எழுத்தில் அச்சான சௌராஷ்டிரப் புத்தகங்களைப் பார்த்தால் ககரத்தின் மேல் 2, 3, 4 என்று சிறு எண்களும், மூச்சொலிக்கு இரட்டைப் புள்ளியும் இருக்கும். பழகாத கண்ணுக்குக் கணக்குப் புத்தகம் போலத் தெரியும், பழகினால் ஓடிவிடும்.

இந்த மூன்று பக்க விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. எல்லாத் தரப்பிலும் உழைத்தவர்கள் மொழி மீது உண்மையான பாசம் கொண்டவர்கள்தான். இருந்தாலும் எந்த எழுத்து என்று முடிவாவதற்குள், அந்த எழுத்தில் எழுதிப் படிக்க வேண்டிய பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்துக்கும் ஆங்கிலப் புத்தகத்துக்கும் போய்விட்டார்கள். மதுரையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சௌராஷ்டிரப் பள்ளி வந்தது, 1895இல் சபை அமைந்தது. எல்.கே. துளசிராம் போன்றவர்கள் கல்விக்காகப் பாடுபட்டார்கள். சமூகம் படித்து முன்னேறியது. வீட்டுமொழி மட்டும் வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றது. 2008இல் யூனிகோட் தன் 5.1ஆம் பதிப்பில் சௌராஷ்டிர எழுத்தைச் சேர்த்தது. இன்று கைப்பேசியிலேயே அந்த எழுத்தில் செய்தி அனுப்பலாம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த மொழிக்குச் செய்ததையும் மறக்கக் கூடாது. ஜப்பானிய அறிஞர் உச்சிதா நொரிஹிக்கோ மக்களிடமிருந்து வாய்மொழி இலக்கியத்தைத் திரட்டி வெளியிட்டார். 1990இல் சௌராஷ்டிர ஆங்கில அகராதி கொண்டுவந்தார். குஜராத்திலிருந்து ஐ.ஆர். தவே 1970களில் இவர்களுடைய மொழி, இலக்கியம், பண்பாடு பற்றி நூல் எழுதினார். சாகித்திய அகாதெமி தன் பாஷா சம்மான் விருதைச் சௌராஷ்டிர மொழிப் பணிக்கும் வழங்கியிருக்கிறது. 2023 ஏப்ரலில் நடந்த சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்கு மதுரையிலிருந்து தனி ரயில் விட்டார்கள். சோமநாதம், துவாரகை என்று போய்ப் பார்த்துவந்தார்கள். முன்னோர் மண்ணைத் தொட்டதில் பலருக்கும் கண் கலங்கியது இயல்பே. ஆனாலும் இந்த மொழியின் எதிர்காலம் குஜராத்தில் இல்லை. ஏறிய தெலுங்கையும் தமிழையும் சேர்த்துத்தான் அது சௌராஷ்டிரம். அது வளர்ந்ததும் பாட்டுப் பாடியதும் தமிழ்நாட்டில்தான். இங்கே பிழைத்தால்தான் பிழைக்கும்.

எண்ணிக்கை சொல்லும் நிலவரம் இது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1.85 லட்சம் பேர். 2011இல் அது சுமார் 2.47 லட்சமானது. பத்து ஆண்டில் ஒரு மொழியின் மக்கள் இவ்வளவு பெருகிவிட முடியாது. முன்பு தமிழ் என்று சொன்ன பலர் பிறகு உள்ளதைச் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். அப்போதும் முழுக் கணக்கு வந்துவிட்டதாகத் தோன்றவில்லை. இன்னொரு குறையும் உண்டு. கணக்கெடுப்பு அட்டவணையில் சௌராஷ்டிரம் தனி மொழியாக இல்லாமல் குஜராத்தியின் கீழ் ஒரு தாய்மொழியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2011இல் குஜராத்திக்குக் கிடைத்த ஐந்தரைக் கோடியில் இந்த இரண்டரை லட்சமும் அடக்கம். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் இதன் பெயர் இல்லை. தமிழ்நாட்டில் நானூறு ஆண்டுக்கு மேல் பேசப்பட்டுவரும் ஒரு மொழியை வேறொரு மாநிலத்து மொழியின் கிளை வழக்காக எண்ணுவது நியாயமில்லை.

தறிவீடு இருந்தவரை மொழியைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. தறி ஓடாத அடுக்ககத்தில் கணவன் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கும் மனைவி தரமணி அலுவலகத்துக்கும் போய்த் திரும்பும் நாளில், பிள்ளையோடு பேச மிஞ்சுவது ராத்திரிச் சாப்பாட்டு நேரம் மட்டும். அந்த நேரமும் ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ போய்விட்டால், இந்த மொழிக்கு வேறு இடம் கிடையாது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவதால் தமிழுக்கு எந்த நட்டமும் இல்லை என்பதற்கு டி.எம்.எஸ்.ஸும் எம்.வி. வெங்கட்ராமுமே போதுமான சாட்சி.

2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. தாம்பரத்திலோ குன்றத்தூரிலோ உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர் தாய்மொழி என்ன என்று கேட்டால், வீட்டில் பேசும் மொழியின் பெயரைச் சொல்லுங்கள். அவர் அதை அப்படியே பதிகிறாரா என்று பாருங்கள். அதற்கு முன், அந்தப் பழைய கல்யாணக் கேள்வி பதிலை முழுதாகச் சொல்லத் தெரிந்த பெரியவர் யாராவது குடும்பத்தில் இருந்தால், அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்துவிடுங்கள்.